கொலு பார்க்கில் காந்தஹார் அரசர்

நான் பிறந்து வளர்ந்த வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கம் கொலுவைக் கோயிலில்தான் பார்ப்போம். டெக்ஸஸில் காப்பெல் என்கிற ஊரில் இருக்கும் இந்த வீட்டுக்கு அது என் மனைவியோடு மயிலாப்பூரிலிருந்து வந்து சேர்ந்தது. படிகள் மொத்தமும் அவள் ராஜ்ஜியம். நான் ஒரு பொம்மையை நகர்த்தி வைத்தாலும் அடுப்படியிலிருந்து சத்தம் வரும். படிகளுக்கு முன்னால் தரையில் வைக்கிற பார்க் மட்டும் எனக்கு. மற்ற வீடுகளில் பார்க் என்றால் பச்சைப் பாய், கண்ணாடித் துண்டில் ஒரு குளம், நாலு பிளாஸ்டிக் வாத்து. என் கராஜில் ஒரு த்ரீ-டி பிரிண்டர் இருக்கிறது. போதாக்குறைக்கு எனக்குச் சரித்திரப் பைத்தியம் வேறு. இரண்டும் சேர்ந்த பிறகு வாத்தோடு திருப்தி வருமா?

இதெல்லாம் நடந்ததற்கு முந்தின வருஷம், பக்கத்து ஊரான பிளானோவில் ஓர் ஆன்ட்டி வீட்டில் சோழர் கப்பல் வைத்திருந்தார்கள். கடாரத்துக் கோட்டைமேல் கப்பல்கள் பாய்கிற மாதிரி, பஞ்சுப் புகையும் சிவப்பு லைட்டும் வைத்து. வந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வயிற்றெரிச்சலோடு. டோல்வேயில் திரும்பி வரும்போதே மனைவியிடம், அடுத்த வருஷம் பார் என்றேன். அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னாள்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்தவர், காந்தஹார்க்காரர். என் வயதுதான் இருக்கும். ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் வேலை. சாயங்காலம் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலிருக்கும் குளத்தைச் சுற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து நடப்போம். முதல் நாள் என்ன பேசுவது என்று தெரியாமல், அவர் நாட்டை உருவாக்கிய அரசரைப் பற்றி நான் படித்ததை எடுத்துவிட்டேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். அமெரிக்காவுக்கு வந்த பிறகு ஒரு வெளியாள் வாயிலிருந்து அவர் நாட்டைப் பற்றி வெடிகுண்டு இல்லாத ஒரு வார்த்தை வருவது அதுதான் முதல் தடவை என்றார். அந்த அரசரை அவர்கள் பாபா என்கிறார்கள். அப்பா என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு எங்கள் நடையெல்லாம் பாபாவோடுதான். படையெடுப்புகள் என் பங்கு, கதைகள் அவர் பங்கு. பாரசீக மன்னர் ஒருவரிடம் குதிரைப்படைத் தளபதியாக இருந்த இளைஞர் அவர். ஒரு ராத்திரி மன்னரை அவருடைய அதிகாரிகளே கூடாரத்தில் வெட்டிப்போட்டுவிட, இவர் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு சண்டை போட்டபடியே காந்தஹாருக்குத் திரும்புகிறார். அங்கே ஒரு தர்காவில் தலைவர்களெல்லாம் கூடி, அடுத்து யார் அரசர் என்று நாள் கணக்கில் கத்துகிறார்கள். இவர் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் ஒரு பக்கிரி எழுந்து, இந்தப் பேசாதவன்தான் அரசன் என்று சொல்லி, கிரீடத்துக்குப் பதில் ஒரு கோதுமைக் கதிரை எடுத்து அவர் தலைப்பாகையில் செருகுகிறார். இதைச் சொல்லும்போது நண்பர் தன் தலையில் விரலை வைத்து, கதிர் இருந்த இடத்தைக் காட்டுவார். பிறகு நான் ஆரம்பிப்பேன்: பஞ்சாபுக்குள் முதல் படையெடுப்பில் அவர் தோற்றது, மறுபடி மறுபடி வந்தது, லாகூர், காஷ்மீர், டெல்லி, கடைசியில் அவர் ஜெயித்த பானிபட். ஒட்டகத்தின் முதுகில் சுழல்கிற சின்னப் பீரங்கி வைத்திருந்தார்கள் என்று நான் சொன்னபோது அவருக்கே அது புதுசு. சந்தோஷத்தில் என் தோளில் ஒரு அடி வைத்தார்.

டெல்லியையும் மதுராவையும் அந்தப் படை என்ன செய்தது என்பதும் எனக்குத் தெரியும். அதையும் மறைக்கவில்லை. அவர், அரசர்கள் அப்படித்தான், உங்கள் அரசர்களும் எங்கேயாவது போயிருப்பார்கள் இல்லையா என்று கேட்டார். எனக்குக் கடாரம் ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டேன்.

ஒருநாள் அவர் தன் மகளைப் பற்றிச் சொன்னார். பத்து வயது. என் மகளின் கிளாஸ். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் துருக்கி என்று சொல்கிறாளாம். வீட்டில் பாபா கதையை எடுத்தாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன் நாட்டு விஷயம் எதையாவது மற்றவர்கள் மரியாதையோடு நின்று பார்ப்பதைப் பார்த்துவிட்டால் போதும் என்றார். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பண்டிகைக்கு வீட்டில் பொம்மை வைப்போம், ஊரே வந்து பார்க்கும், இந்த வருஷம் உங்கள் பாபாதான் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த சில வாரங்கள் அவர் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அங்கியின் நிறத்துக்குத் துணி கொண்டுவந்து காட்டினார். அவர் மனைவி பழைய பட்டுத் துணி ஒன்றைக் கிழித்து, கட்டைவிரல் அளவு தலைக்கு ஒரு தலைப்பாகை சுற்றித் தைத்துக் கொடுத்தார். அதில் நிஜமான கோதுமைக் கதிரின் நுனி. நான் ஒட்டகங்களையும் குதிரைகளையும் கூடாரங்களையும் அச்சடித்துத் தள்ளினேன். நவராத்திரியில் வருகிற இரண்டாவது சனிக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு வருவதாக ஏற்பாடு.

முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொலு பார்க்க வருகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். டெக்ஸஸில் இது ஒரு ஓட்டம். ஒரே சாயங்காலத்தில் நாலு வீடு, காரில் சுண்டல் பொட்டலம், பட்டுப்புடவையோடு ஃப்ரீவே. பெண்கள் படிகளைப் பார்த்தார்கள், பாடினார்கள், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டார்கள். என் பார்க்கை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தைகள் அதைத் தாண்டிக் குதித்து ஐபேடுக்கு ஓடினார்கள். கடைசியில் ஓர் அங்கிள் குனிந்து பார்த்தார். நான் ஆவலோடு கதிர்க் கதையை ஆரம்பித்தேன்.

"என்ன சார், நம்மள அடிச்சுட்டுப் போனவனுக்குப் போய் பார்க் வெச்சிருக்கீங்க? பானிபட்ல நம்மாளுங்க தோத்துட்டாங்க இல்ல?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. அப்படி இல்லை சார் என்று ஆரம்பித்து விளக்கியிருக்கலாம். எனக்குத் தெரியாத விஷயமா? ஆனால் நானும் அவரோடு சேர்ந்து, ஹி ஹி என்று இளித்தேன்.

மறுநாள் மத்தியானம் கராஜில் உட்கார்ந்து பாபாவின் கழுத்தை அறுத்தேன்.

நான் திருச்செந்தூர் பக்கத்துக்காரன். சூரசம்ஹாரம் பார்த்து வளர்ந்தவன். சூரன் தலை விழும்போது கடற்கரையே ஆர்ப்பரிக்கிற அந்தச் சத்தம் என் காதில் இருந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்துக்குத்தான் ஆசைப்பட்டேன், வேறென்ன. கழுத்தில் ஒரு காந்தம், தலையில் ஒரு காந்தம், உள்ளே ஒரு சின்ன மோட்டார். பார்க்க வருகிற குழந்தையின் கையில் ஒரு சின்ன வேல். வேலால் பட்டனைக் குத்தினால் பாபாவின் தலை தனியாக விழும். பானிபட்டில் ஜெயித்தவர் அவர். அது எனக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

மனைவி பார்த்துவிட்டு, "இது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். குழந்தைகளுக்காகத்தானே, அவர் வருகிற அன்றைக்கு வயரைப் பிடுங்கிவிடுவேன் என்றேன். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பார்க்கைச் சுற்றி ஒரே கூட்டம். ஒவ்வொரு தலை விழுதலுக்கும் கைதட்டல். யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். முந்தின நாள் சிரித்த அங்கிளே சூப்பர் சார் என்று கை குலுக்கினார். பிளானோ ஆன்ட்டி தன் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்கால நடைக்கு மட்டும் போகவில்லை. ஆபீஸில் வேலை அதிகம் என்று நண்பருக்கு மெசேஜ் அனுப்பினேன். பரவாயில்லை பிரதர், சனிக்கிழமை பார்ப்போம் என்று பதில் வந்தது.

சனிக்கிழமை காலையில் சொன்னபடி வயரைப் பிடுங்கினேன். தலையை வைத்து அழுத்தி, தலைப்பாகையைச் சரி செய்தேன். வேல் கண்ணில் படாமல் பீரோவின் மேல் போனது. அத்தோடு விஷயம் முடிந்தது என்று நம்பினேன் பாருங்கள்.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். அவர் வெள்ளை உடுப்பும் பூவேலை செய்த தொப்பியும் போட்டிருந்தார். அவர் மனைவி கையில் பாதாமும் திராட்சையும் நிறைந்த தட்டு. மகள் ஜீன்ஸில், வேண்டா வெறுப்பாக. செருப்பைக் கழற்றுவதற்குள் என் மகள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நான் நண்பரை வாசலிலேயே நிறுத்தி, கொலு என்றால் என்ன என்று பெரிதாக விளக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் கூட்டம் நிறைய இருந்தது. வந்தவர்கள் எங்களுக்கு வழி விட்டார்கள்.

பார்க்கைச் சுற்றி ஏழெட்டுக் குழந்தைகள் மண்டியிட்டிருந்தார்கள். நடுவில் அவர் மகள். பீரோ மேலிருந்த வேல் அவள் கையில் இருந்தது.

"இட்ஸ் யுவர் டர்ன்," என்றாள் என் மகள். என்னைப் பார்த்ததும் பெருமையாக, "அப்பா, இட் வாஸ் ப்ரோக்கன், ஐ ஃபிக்ஸ்ட் இட்!" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் குத்திவிட்டாள். தலை விழுந்து, தலைப்பாகையோடு உருண்டு, ஒட்டகங்களுக்கு நடுவில் போய் நின்றது. குழந்தைகள் ஓவென்று கத்தினார்கள். அவளும் கத்தினாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே திரும்பி, "கேன் ஐ டூ இட் அகெய்ன்?" என்று என்னைக் கேட்டாள். அந்தப் பொம்மை யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அப்பா அதைச் சொல்லத்தான் அவளை அழைத்து வந்திருந்தார்.

நண்பரின் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து தலையை எடுத்தார். கதிர் ஒடிந்திருந்தது. நான் பாய்ந்து போய், கோந்து சரியாக ஒட்டவில்லை, விழுந்துவிட்டது என்று உளறினேன். அவர் தலையைத் தன் கணவரிடம் நீட்டினார். நண்பர் அதைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் காந்தம் பளபளத்தது. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து தலையை உடம்பின் அருகே கொண்டுபோனார். அது தானாகவே இழுபட்டு டக்கென்று ஒட்டிக்கொண்டது. மனிதர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வேலைப்பாடு, பிரதர்," என்றார் ஆங்கிலத்தில். பிறகு மெதுவாக, "அந்தச் சண்டையில் அவர் ஜெயித்தார் என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

 நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது. அவர் கேட்டதில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அவர் உண்மையிலேயே சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். சுண்டல் வாங்கிக்கொண்டார்கள். என் மனைவி குங்குமச் சிமிழை எடுத்துவிட்டு, அவர்கள் வைத்துக்கொள்ள மாட்டார்களே என்று திரும்ப வைத்தாள், அவர் மனைவிக்குப் பழமும் பூவும் கொடுத்தாள். மரியாதை எதுவும் குறையாமல் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

விஜயதசமி ராத்திரி கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். மனைவி ஒரு மரப்பாச்சியைப் படுக்க வைத்துவிட்டு, பாபாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இதை நீங்களே பாத்துக்கோங்க," என்றாள். 

மறுநாள் காந்தத்தையும் மோட்டாரையும் பிடுங்கி எறிந்தேன். கழுத்தை எபாக்ஸிப் பசை போட்டு ஒட்டி, காய்ந்ததும் தேய்த்துச் சாயம் பூசினேன். கடையில் அலங்காரத்துக்கு விற்கிற கோதுமைக் கட்டு வாங்கி ஒரு நுனியைத் தலைப்பாகையில் செருகினேன். அவர்கள் கொண்டுவந்த தட்டிலேயே பொம்மையை வைத்து, கொஞ்சம் அதிரசத்தோடு தெருவைக் கடந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தது அந்தப் பெண். பொம்மையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஃபார் மீ?" என்று கேட்டுத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நண்பர் வந்து நின்றார். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவள் பாபாவின் தலையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. திருகிப் பார்த்தாள். பட்டனைத் தேடி அடியில் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஏமாற்றத்தோடு தன் அப்பாவிடம் அதை நீட்டினாள்.

"இட்ஸ் ப்ரோக்கன்," என்றாள்.

அவர் பொம்மையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கழுத்தில் நான் ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.