எந்த ரோட்டிலும் போகும் பெட்டி

கேம்பிங் டிரெய்லரை வாடகைக்கு விடுவது என்பது, அடுத்தவர் காலை நீட்டித் தூங்குவதற்காக நாம் காலை மடக்கிக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருக்கும் தொழில். சொந்தமாக வண்டி வைத்து அவதிப்படுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் அனுதாபம் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுங்கள், போதும்.

நான் பழவேற்காட்டுக்காரன். பாதி ஆயுளை டிரைவர் சீட்டில் கழித்தவன். ஏரிக்குப் பறவை பார்க்க வருகிறவர்களை என் பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவேன். அவர்கள் பூநாரை பார்ப்பார்கள், நான் ஸ்டீயரிங்கில் தலை வைத்துத் தூங்குவேன். ஐம்பது வயதுக்கு மேல் கழுத்து ஒரு பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. அப்போதுதான், ஏரிக்கரையில் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை வந்தது. வீட்டில்தான் கட்டில் இருக்கிறதே என்றாள் என் மனைவி ஜுபைதா. நியாயமான கேள்வி. நான் விளம்பரம் தேட ஆரம்பித்தேன்.

ரோடு என்றால்

சென்னையில் ஒருவர் விற்றார். இரண்டு பேர் படுக்க ஒரு மெத்தை, மேலே ஒரு மின்விசிறி, பின்கதவைத் தூக்கினால் சின்ன அடுப்படி, அடியில் இரண்டு சக்கரம். ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். எந்த ரோட்டிலும் போகும் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார். அவர் அதை ஒரே ஒரு முறைதான் வெளியே எடுத்திருக்கிறார், அதுவும் ஏற்காட்டுக்கு. பிறகு ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். நான் உள்ளே ஏறிப் படுத்து, காலை நீட்டிப் பார்த்தேன். நீண்டது. வாங்கிவிட்டேன்.

வரும் வழியில் பொன்னேரியில், ஜீப்பை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் அடியில் படுத்துக்கொண்டு கையை விரித்து அளந்து பார்த்தார். பெட்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து சொன்னார்.

“எந்த ரோட்லயும் போகும் பாய். ரோடுனு ஒண்ணு இருக்கணும், அவ்ளோதான்.”

நிறுத்த ஓர் இடம்

எங்கள் பக்கத்தில் நிலம் மூன்று வகை. சரணாலயம், சேறு, யாரோ ஒருவருடையது. சரணாலயத்தில் நிறுத்தினால் காவலர் வருவார், சேற்றில் நிறுத்தினால் கிரேன் வர வேண்டும். மிச்சம் இருந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் ஒரு மீனவர் குப்பம். பேரைச் சொல்லப் போவதில்லை, அங்கே எல்லாரிடமும் ஃபோன் இருக்கிறது. அந்த இடமும் கிடைக்காவிட்டால் பெட்டியை விற்பதுதான் வழி. ஆளைக்கூட ஜுபைதா தயாராக வைத்திருந்தாள். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்களுக்கு இட்லிக் கடை வைத்திருப்பவர். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கும் தூக்கம் இல்லை.

குப்பத்தின் தலைவர் எத்திராஜைப் போய்ப் பார்த்தேன். பெட்டியைச் சுற்றி வந்து, வலை காயப்போடும் மேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். இதில் என்ன விற்கப் போகிறாய் என்று கேட்டார். சென்னையிலிருந்து வந்து இதில் படுத்துத் தூங்குவார்கள், அதற்கு வாடகை கொடுப்பார்கள் என்றேன். அவர் முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது.

“ஏன் பாய், மெட்ராஸ்ல அவங்களுக்குத் தூக்கம் வர்லியா?”

ரவை

முதல் வாடிக்கையாளர்கள், புதிதாகக் கல்யாணமான சென்னை ஜோடி. சமையல் சாமானை எல்லாம் அந்தப் பெண் அழகாக டப்பாக்களில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். தார் ரோடு முடிந்து மணல் பாதை ஆரம்பித்ததும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சத்தம் வந்தால் நிறுத்திப் பார்க்கக் கூடாது, பார்த்தால் சத்தம் நிஜமாகிவிடும். நான் பாட்டுக்கு ஓட்டினேன்.

குப்பத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். அலமாரி திறந்து கிடந்தது. மெத்தை மேல் ரவை, அதன் மேல் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், வெங்காயம். எண்ணெய் பாட்டிலும் தன் பங்குக்குச் சாய்ந்திருந்தது. பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப நிதானமாகச் சொன்னான்.

“அங்கிள், தண்ணி மட்டும் ஊத்தினா போதும்.”

ரிவர்ஸ்

கொக்கியில் மாட்டிய வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் அது இடது பக்கம் போகும். இது எல்லா டிரெய்லருக்கும் பொது. என் பெட்டி இன்னும் ஒரு படி மேல். எந்தப் பக்கம் திருப்பினாலும் குறுக்கே மடங்கி நின்று ஜீப்பை முறைக்கும். ஒரு நாள் பஜாரில் நான் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் ஓட்டும் நண்பர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு பார்த்தார். தள்ளுங்கள் என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். ஊரே அவரை நம்பியது.

பெட்டி ஒரு பழக்கடையை மெதுவாக நெருங்கியதும் இறங்கிவிட்டார். கடைசியில் கொக்கியைக் கழற்றி, நாங்கள் நாலைந்து பேர் கையால் தள்ளிக்கொண்டு போய் வைத்தோம். ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

“நாப்பதடி வண்டி சொன்ன பேச்சு கேக்கும் பாய். குட்டி வண்டிக்குத்தான் வீம்பு ஜாஸ்தி.”

கயிறு

அடுத்து வந்தவர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், கூடவே அவர் மனைவி. விடியும்போது பெட்டியிலிருந்தே தண்ணீரைப் பார்க்க வேண்டும், இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்றார். வெயில் காலத்தில் ஏரி ஓரம் உப்புப் பூத்து, சிமெண்ட் போட்ட மாதிரி வெள்ளையாக இருக்கும். அடியில் கருஞ்சேறு. இது எங்கள் ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் எந்த ரோட்டிலும் போகும் என்ற வாக்கியம் எனக்குள் எங்கோ உட்கார்ந்திருந்தது. பெட்டியின் சக்கரம் ரெண்டும் புதைந்தன. காற்று வேறு திரும்பியது. எங்கள் ஏரியில் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ தண்ணீர் அந்தப் பக்கம் ஏறும். அன்றைக்கு எங்கள் பக்கம் ஏறியது. பெட்டி போய்விட்டது என்றே நினைத்தேன்.

கடலில் விரித்த கரைவலையைக் கரையில் நின்று கயிறு பிடித்து இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த குப்பத்து ஆட்கள் பார்த்துவிட்டார்கள். எத்திராஜ் வலைக் கயிற்றைக் கொண்டுவந்து பெட்டியின் பின்பக்கம் கட்டினார். ஆண்கள் ஒரு கயிறு, பெண்கள் ஒரு கயிறு. கருவாடு போடும் தேசம்மா அக்கா பெண்கள் வரிசைக்கு முன்னால் நின்றாள். நான் ஜீப்பில் உட்கார்ந்து ரிவர்ஸ் கியரைப் போட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். பெட்டி பின்னாலேயே நகர்ந்து வந்து, வலை காயும் மேட்டில் ஏறியது. அது நேராக ரிவர்ஸ் வந்தது அந்த ஒரு முறைதான்.

எல்லாருக்கும் டீ சொல்லட்டுமா என்றேன். கரைவலையில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் போகிறவனாக இருந்தாலும் கயிற்றில் கை வைத்து இழுத்தால், விழுந்த மீனில் அவனுக்கும் ஒரு பங்கு. எத்திராஜ் அதைத்தான் சொன்னார். நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“டீ குடிக்கிறோம் பாய். பங்கு வேற. கயிறு பிடிச்சவனுக்குப் பங்கு உண்டு.”

வாசனை

இழுத்ததில் அச்சு வளைந்துவிட்டது. பொன்னேரி மெக்கானிக் வரும்வரை பெட்டி மேட்டிலேயே நின்றது. அவர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால், உள்ளே ஒரு ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பியதற்கு, என் பங்கு பாய் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். மறுநாள் ஒரு பெண் கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். அந்த மின்விசிறிக்கு அடியில்தான் குழந்தை தூங்குகிறதாம். தேசம்மாவுக்குத் தூக்கம் தேவைப்படவில்லை. அவள் கூரையை எடுத்துக்கொண்டு அதில் நெத்திலி காயப்போட்டாள். மணல் ஒட்டாது, நாய் எட்டாது, தகரம் சீக்கிரம் காயவைக்கும். யோசித்துப் பார்த்தால் பெட்டியை இத்தனை சரியாகப் பயன்படுத்தியது அவள் ஒருத்திதான்.

வண்டி நகராவிட்டாலும் வாடிக்கையாளர் வருவது நிற்கவில்லை. ஜீப்பில் கொண்டுபோய் மேட்டிலேயே தங்கவைத்தேன். அந்த வாரம் வந்தவர்கள் மயிலாப்பூரில் இருந்து ஒரு வயதான தம்பதி, சுத்த சைவம். காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் கோபப்படவே இல்லை. ஒரு தகவலைத் தெரிவிப்பவர் மாதிரி சொன்னார்.

“ஜன்னலைத் தெறந்தா வாசனை உள்ளே வருது தம்பி. மூடினா வெளியே போக மாட்டேங்கறது.”

பாடு

அன்றைக்கு எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தேசம்மாவிடம் போய், என் வண்டி மேல் மீன் காயப்போடாதே என்று சொன்னேன். ‘என்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவள் நெத்திலியை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் எத்திராஜ் ஃபோன் செய்தார். பெட்டி விஷயமாக ஊர்க் கூட்டம், நீயும் வர வேண்டும் என்றார். இடம் போச்சு என்று புரிந்துவிட்டது. ஜுபைதா எளாவூர்க்காரருக்குத் தகவல் சொல்லிவிட்டு, என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வர ஆள் வேண்டுமே என்று தானும் ஜீப்பில் ஏறினாள். பாலத்தைத் தாண்டும்போது ஒன்று உறைத்தது. இத்தனை நாளில் என் பெட்டியில் நான் ஒரு தடவைகூடத் தூங்கவில்லை. எப்போதும் அதில் யாராவது இருந்தார்கள், நான் ஜீப்பில் இருந்தேன்.

சவுக்குத் தோப்பில் கூட்டம். மன்னிப்பு, வேண்டுகோள், முடியாவிட்டால் அழுகை என்று எல்லாம் தயாராகக் கொண்டுபோயிருந்தேன். யாரும் கேட்கவில்லை. முந்தின நாள் ஒரே நேரத்தில் இரண்டு பேர் மத்தியானத் தூக்கத்துக்கு வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். ஏரியில் எந்த வலை எந்த இடத்தில் எந்த நாள் விழும் என்பதை முறை வைத்துத்தான் பிரித்துக்கொள்வார்கள், அதற்குப் பாடு என்று பேர். பெட்டிக்கும் பாடு வைத்துவிட்டால் சண்டை இல்லை என்பதுதான் பேச்சு. யாருக்கு எந்த நாள் என்று சீட்டு எழுதத் தொடங்கியதும் ஒருவர் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார். பாய் அன்றைக்குக் கயிற்றைத் தொடவில்லை, ஜீப்பில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு எப்படிப் பங்கு வரும்? எத்திராஜ் யோசித்தார். கூட்டமே யோசித்தது. கேள்வியில் நியாயம் இருந்ததால் நானும் யோசித்தேன். அப்போதுதான் தேசம்மா எழுந்தாள். நான் ஜுபைதாவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“வலைன்னா இங்க பெட்டிதான். அது யாருது? அவருது. வலைக்கு ஒரு பங்கு. சுக்கான் யாரு பிடிச்சது? அவருதான். அதுக்கு ஒரு பங்கு. என்னை மீன் போடாதேன்னு சொன்னது தனிப் பஞ்சாயத்து, அதை அப்பால வச்சிக்கலாம்.”

வலைப் பங்குக்குச் சனி, ஞாயிறு, அது வாடிக்கையாளருக்கு. அந்த இரண்டு நாளும் கூரையில் மீன் இல்லை, வெள்ளிக்கிழமையே கழுவித் தருவதாகத் தேசம்மா ஒத்துக்கொண்டாள். சுக்கான் பங்குக்குச் செவ்வாய்க்கிழமை, அது எனக்கே எனக்கு. மற்ற நாளெல்லாம் சீட்டுப்படி ஊருக்கு. நான் மெல்ல, அப்படியானால் நிறுத்தும் இடம் என்று இழுத்தேன். ஊர்ப் பெட்டி ஊரில் நிற்காமல் வேறெங்கே நிற்கும் என்று எத்திராஜ் கேட்டார். தயாராகக் கொண்டுபோன அழுகை அப்போதுதான் வந்தது.

திரும்பி வரும்போது எளாவூர் இட்லிக்காரர் ஃபோன் செய்தார். ஜுபைதாதான் எடுத்தாள். அவள் குரலில் எங்கிருந்தோ ஒரு பெருமை வந்திருந்தது.

“அதை விக்க முடியாதுங்க. கூரை ஒருத்தங்களுது, மெத்தை ஊராளுங்களுது. எங்க வூட்டுக்காரருக்குச் செவ்வாக்கெழம மட்டும்தான்.”

எந்த ரோட்டிலும் போகும் என்று நம்பி வாங்கிய பெட்டி இப்போது எந்த ரோட்டுக்கும் போவதில்லை, செவ்வாய்க்கிழமைதோறும் நான்தான் அது இருக்கும் இடத்துக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துவிட்டு வருகிறேன்.