ஒன்னுக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகள்

ஒத்திகைக்கு ஆறு வண்டிகள் வந்தன. போலீஸ் வண்டி மூன்று, தீயணைப்பு வண்டி ஒன்று, ஆம்புலன்ஸ் ஒன்று, அதிகாரியின் கார் ஒன்று. எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. எந்தக் கண்மாயில் எத்தனை மடை திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. இப்போது மடைகள் இல்லை, எண்ணுவது மட்டும் நிற்கவில்லை.

என் மகள் ஆசிரியை. வீடு ஆர்.எஸ்.மங்கலத்தில். அவளுடைய பள்ளிக்கூடம் கடலோரத்தில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். போன வருடம் அங்கே அவளுடைய நாலாம் வகுப்புக்குள் ஒருவன் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டான். அப்படி மறுபடி நடந்தால் என்ன செய்வது என்றுதான் இந்த ஒத்திகை. டீச்சராக அவளையே இருக்கச் சொன்னார்கள். போகாதே என்றேன்.

"ரெண்டே விஷயந்தான்யா. அத மட்டும் அவங்க காதுல போட்டுட்டு வந்துர்றேன்" என்றாள்.

அந்த இரண்டு விஷயம் என்னவென்று எனக்குத் தெரியும். அன்று நானும் அங்கேதான் நின்றேன். அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போயிருந்தேன்.

வந்தவன் படகுக்குக் கூலிக்குப் போகிறவன். மனைவி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய், மகளையும் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டாள். அது தெரியாமல் மகளைப் பார்க்க வந்தவன், அவள் இங்கே இல்லை என்றதும் கையிலிருந்த பெட்ரோல் கேனோடு வகுப்புக்குள் நுழைந்துவிட்டான். உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள்.

முதல் ஒரு மணி நேரம் வெளியே தலைமையாசிரியரும் நானும் சமையல் செய்யும் அம்மாளும்தான். அந்த ஒரு மணி நேரத்தில் என் மகள் ஒரு காரியம் செய்திருந்தாள். ஒரு பிள்ளை விரலைத் தூக்கி ஒன்னுக்குப் போகணும் என்றிருக்கிறது. வந்தவனிடம் கேட்டிருக்கிறாள். "போனா வராதுக" என்றிருக்கிறான். "எம் பிள்ளைக வரும்" என்றிருக்கிறாள். இரண்டு பேரை அனுப்பினாள். சுவரோரம் இருந்த கழிப்பறைக்கு அவர்கள் ஓடியதையும், போன வேகத்திலேயே திரும்பி வகுப்புக்குள் நுழைந்ததையும் நான் பார்த்தேன். பிறகு இன்னும் இருவர். அவர்களும் திரும்பினார்கள். அதற்குப் பின் அவன் கேனைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, "டீ கெடைக்குமா டீச்சர்?" என்று கேட்டானாம்.

டீ வாங்க ஆள் போனபோது சைரன் கேட்டது. வண்டிகள் கத்திக்கொண்டே வாசல் வரை வந்தன. பின்னாலேயே ஊரும் வந்தது. மதில் மேல் பதினேழு பேர் ஏறி நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். வந்த டீயை ஒரு போலீஸ்காரர் வாசலிலேயே மறித்தார்.

"அவனுக்கு விருந்து வேறயா? வடையும் வாங்கியாங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து மூன்றாவது ஜோடி வெளியே வந்தது. இரண்டும் பெண் பிள்ளைகள். கழிப்பறைப் பக்கம் திரும்புவதற்குள் இரண்டு பேர் பாய்ந்து ஆளுக்கொன்றாகத் தூக்கி மதிலுக்கு வெளியே கொடுத்துவிட்டார்கள். கூட்டம் கைதட்டியது. அந்தப் பிள்ளைகளில் ஒன்று, "டீச்சர் திரும்பி வரச் சொன்னாங்க" என்று அழுதது. காப்பாற்றிவிட்டோம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் வகுப்பு ஜன்னல் உள்ளேயிருந்து சாத்தப்பட்டதை நான் பார்த்தேன்.

அடுத்து அவனுடைய மச்சினனை, மனைவியின் அண்ணனை, ஜீப்பில் அழைத்து வந்தார்கள். எங்கள் பக்கத்தில் குடும்பச் சண்டை என்றால் சொந்தக்காரனைக் கூப்பிட்டுப் பேச வைப்பதுதான் வழக்கம். இந்தச் சண்டையே இந்தச் சொந்தக்காரனோடுதான் என்று யாரும் விசாரிக்கவில்லை. அவன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"ஏலே மாப்ளே, சின்னப் பிள்ளைகள்ட்ட என்னடா வீரம்? ஆம்பளயா இருந்தா வெளிய வாடா."

உள்ளே அவன் பெட்ரோலைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டான். அவன் லைட்டரைத் தேடிய நேரத்தில் என் மகள் தாழ்ப்பாளைத் திறந்து பிள்ளைகளை வெளியே தள்ளினாள். கடைசியில் அவளும் வந்தாள். பெற்றவர்கள் அவரவர் பிள்ளையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "எல்லாரும் வந்தாச்சா?" என்று ஒரு அதிகாரி கேட்டார். "வந்தாச்சு, வந்தாச்சு" என்று நாலு பக்கமும் குரல். நான் எண்ணியிருந்தேன். பத்தொன்பது. இருபது வர வேண்டும்.

"ஒன்னு குறையுது சார்" என்றேன்.

"பெரியவரே, ஓரமா நில்லுங்க."

அவளும் எண்ணியிருக்கிறாள். திரும்பி உள்ளே ஓடினாள். அதற்குள் நெருப்பு. தீயணைப்பு வண்டி தெருமுனையில், ஊரார் நிறுத்தியிருந்த பைக்குகளுக்குப் பின்னால் நின்றது. பெஞ்சுக்கு அடியில் ஒளிந்திருந்த பையனை அவள் இழுத்து வந்தாள். அவனுக்குக் காயமில்லை. வந்தவன் அங்கேயே செத்துப்போனான். அவனை யாரும் எண்ணவில்லை. தீயில் வெந்த என் மகளின் வலது கையில் மூன்று விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. கரும்பலகையில் இடது கையால் எழுதுகிறாள், எழுத்து கோணல்.

ஒத்திகை நாளில் நானும் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தொடங்கும் முன் அவள் அந்த இரண்டையும் அதிகாரியிடம் சொன்னாள். திரும்பி வருவதாகச் சொல்லிப் போகும் பிள்ளையைத் திரும்பவிடுங்கள். வெளியே வருகிறவர்களை எண்ணுங்கள். அதிகாரி சின்ன வயது. மரியாதையாகத்தான் கேட்டார்.

"கரெக்ட்தாம்மா. ஆனா டிவிக்காரங்க வந்து நிக்கிறாங்க. வெயிலுக்கு முந்தி முடிச்சிருவோம்."

காலிக் கேனோடு ஒரு போலீஸ்காரர் வகுப்புக்குள் போனார். "இவரு எங்க தெரு மாமா" என்று ஒரு பையன் கத்த, எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. சைரன் அடித்தது. ஒன்னுக்கு என்று இரண்டு பேர் வந்தார்கள். பாய்ந்து தூக்கினார்கள். கைதட்டல். மைக்கில் மிரட்டல். கதவை உடைப்பது போல உடைத்தார்கள், பிள்ளைகள் ஓடி வந்தன. "எல்லாரும் வந்தாச்சா?" "வந்தாச்சு சார்."

இந்த வருடம் வகுப்பில் பதினெட்டுப் பேர். நான் பதினேழு எண்ணினேன். என் மகளையும் காணவில்லை.

எழுந்து சொல்லப் போனேன். பாதியிலேயே திரும்பி உட்கார்ந்துவிட்டேன். போன வருடம் சொல்லித்தான் என்ன ஆயிற்று. அதிகாரி பேசினார், பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஆறு வண்டிகளும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஆறாவது வண்டி தெருமுனை திரும்பும்வரை யாருக்கும் ஒன்றும் குறையவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் வந்தாள். அவளுடைய இடது கையைப் பிடித்தபடி ஒரு பெண் பிள்ளை.

"வேணும்னுதான் பெஞ்சுக்கடியில இருந்தோம்யா. யாராவது தேடுவாங்களான்னு பாத்தேன்" என்றாள் என் மகள்.

அந்தப் பிள்ளை என்னையும் காலி மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"தாத்தா, எனக்கு பிஸ்கட் இல்லயா?"