அண்ணனுக்குச் செய்த பொங்கல் வாழ்த்து

சர்க்கரை நோயில் பார்வை இழந்த என் அண்ணனை ஏமாற்றி, எங்கள் தம்பி பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வயலை எடுத்துக்கொண்டான். அந்தப் பொங்கலுக்கு அண்ணனுக்காக நானே ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். அவர் விரலால் படிக்கட்டும் என்று, பின்பக்கம் அழுத்தி எழுத்துகளைப் புடைக்க வைத்தேன். பிள்ளைகள் பார்க்க ஓரத்தில் ஜிகினாத் தூள் தூவினேன்.

திருப்புல்லாணிக்குப் போய் அவர் கையில் கொடுத்தேன். கெட்டித்தாளைத் தொட்டதுமே அவர் முகம் சுருங்கியது.

“இதுல எங்கன கையெழுத்துப் போடணும்த்தா?”

“பொங்கல் வாழ்த்துண்ணே. எழுத்தைத் தடவிப் பாருங்க.”

ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார்.

“பொங்கல்னுதான் இருக்கு. அவனும் பென்ஷன் மனுன்னுதான் சொன்னான். மக வரட்டும், பாத்துச் சொல்லட்டும்.”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தம்பி எடுத்துக்கொண்டது வயலை மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.