சோகமாகச் சீவிய உருளைக்கிழங்கு

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் நான் வேலை செய்யும் வீட்டு இத்தாலிய அம்மாவைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன்; ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரும் நண்பர்களும் வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். போன வருடம் ஐரிஷ் நாடகம். கடலோரக் கிராமம், குடிசை, ஓயாத மழை. ஊமைக் கிழவி வேடத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

"நீ கிராமத்தில் பிறந்தவள். உனக்கு நடிக்கவே தேவையில்லை" என்றார் சிஞ்ஞோரா.

நான் பிறந்தது யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு தையற்கடையின் மேல்மாடியில். அதைச் சொன்னேன். "அதுதானே" என்று தலையாட்டினார்.

அடுப்பருகே இருந்து உருளைக்கிழங்கு சீவுவதுதான் என் பாகம். ஒத்திகையில், அவர் வீட்டுக் குசினியில் சீவுகிற வேகத்திலேயே சீவினேன். மற்றவர்கள் வசனத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"மெதுவாக. சோகமாகச் சீவு" என்றார் சிஞ்ஞோரா. அந்த ஊர்ச் சனம் எதையும் சோகமாகத்தான் செய்யுமாம். இப்படி நாடகம் எழுதியவர்களில் பலர் பட்டணத்துக்காரர் என்றும் அவரே சொன்னார். தூரத்திலிருந்து பார்த்தால்தான் கிராமம் முழுதாகத் தெரியுமாம்.

நாடகத்தன்று தந்த சப்பாத்து என் காலுக்குச் சிறிது. பல்லைக் கடித்துக்கொண்டு கிழங்கு சீவினேன். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

மொண்டெல்லோக் கடற்கரையில் உணவகமொன்றில் சமைக்கும் என் கணவரும் பார்க்க வந்திருந்தார். முடிந்ததும், "எப்பிடியப்பா?" என்று கேட்டேன்.

"உந்தச் சனம் முழுக்கக் குந்தியிருந்து பெருமூச்சு விடுகினம். அப்ப ஆர் வேலைக்குப் போறது?" என்றார்.

அதற்குள் சிஞ்ஞோரா, இங்கே ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஐரிஷ்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "உங்கள் கிராமம் சரியாக வந்திருக்கிறதா?"

அவர் முகம் சிவந்தது. "நான் டப்ளினில் அடுக்குமாடியில் வளர்ந்தவன். கிராமத்தை மேடையில்தான் பார்த்திருக்கிறேன். அதன்படி பார்த்தால் மிகச் சரி."

சிஞ்ஞோரா அவரைக் கட்டிக்கொண்டார்.

மறுவாரம் குசினி மேசையில் பேனாவோடு வந்து உட்கார்ந்தார். "அடுத்தது உன் ஊர். நானே எழுதப் போகிறேன். சொல்."

தையற்கடை, டியூசன் வகுப்பு, சினிமாக் கொட்டகை, விடியவே தொடங்கும் பஸ் ஹோர்ன் எல்லாவற்றையும் சொன்னேன். பேனா அசையவில்லை.

"ஒரு மாடுகூடவா இல்லை?" என்றார்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இருந்தது" என்றேன். "கிழட்டு மாடு. ஒரு கண் தெரியாது."

சிஞ்ஞோரா குனிந்து எழுதத் தொடங்கினார்.