தம்பியின் பக்கம்

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் தென்காசி ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒருவர் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நரைத்த மீசை, தடித்த கண்ணாடி. மடியில் கம்ப்யூட்டர், அதிலிருந்து வயரில் இரண்டு குமிழ்கள். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே ஒரு பந்து. நான் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

“டிவியில மாட்டி விளையாடுத பழைய பெட்டி ஒண்ணு இருந்துச்சு, ஆச்சி. அது கெட்டுப்போச்சு. அந்த ஆட்டத்தை அப்படியே இதுக்குள்ள கொண்டாந்துட்டேன். ஆனா ஒத்தையில ஆட முடியாது. எந்தம்பிதான் எதிர்ல ஆடுவான். போன மாசம் அவனும் போய்ச் சேந்துட்டான். குமிழைத் திருப்பினா கோடு நகந்து பந்தைத் தட்டும். ஒரு குமிழை நீங்க பிடிக்கியளா?”

“எனக்கு ஒண்ணுந் தெரியாதுய்யா” என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். ஆசையாகத்தான் இருந்தது, கூச்சம் விடவில்லை.

அவர் வற்புறுத்தவில்லை. “இது தம்பி” என்று இடது கோட்டைக் காட்டிவிட்டு, இரண்டு குமிழையும் தானே திருப்பினார். ரயில் வரும்வரை தம்பி ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை.