மாத்தளையில் ஓடிய ட்ராம்

கடற்கரை நகரங்களின் ட்ராம் வண்டிகளைப் பற்றி நான் எழுதத் தொடங்கிய நூல் பல ஆண்டுகளாகியும் முடியவில்லை. அதன் மூன்றாம் அத்தியாயம், ‘ட்ராம் சமதரையின் பிள்ளை; ஆகவேதான் அது கடலோரத்தை நாடிச் சென்றது’ என்று தொடங்குகிறது. அந்த வாக்கியத்தை எழுதிய கையாலேயே அதற்கு நேர்மாறான ஒரு காரியத்தை நான் செய்திருக்கிறேன். அதை முழுதாக அறிந்திருந்தவள் என் மனைவி. அவள் மறைந்தபின் வரும் இரண்டாவது மாரி இது. இனி அதை நான்தான் எழுதி வைக்க வேண்டும்.

நான் நீர்ப்பாசனப் பொறியியலாளனாக மாத்தளையில் கடமையாற்றினேன். பிறந்தது வடக்கே, கடலோரக் கிராமம் ஒன்றில். என் மனைவியின் பெற்றோரும் வடக்கிலிருந்து உத்தியோகத்துக்காக வந்தவர்களே. ஆனால் அவள் மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தாள். ஆகவே எங்கள் வீட்டில் நான் ‘நீர்’ என்பேன், அவள் ‘நீங்க’ என்பாள். முப்பத்தெட்டு ஆண்டுகளில் இருவரும் மற்றவருடைய பேச்சுக்கு மாறவில்லை. மாறும்படி கேட்கவும் இல்லை.

அவள் நகரத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பித்தாள். தொண்ணூறுகளின் நடுவில், யுத்தத்தின் நடுவே பேச்சுவார்த்தை தொடங்கி வீதிச் சோதனைகள் சற்றுத் தளர்ந்திருந்த சில மாதங்களில், அவளுடைய வகுப்பில் பதினொரு மாணவிகள் இருந்தார்கள். அலை எவ்வாறு பாறையை அரிக்கிறது, மணற்றிட்டு எவ்வாறு உருவாகிறது என்பதையெல்லாம் அவர்கள் படம் வரைந்து பாகம் குறிக்க வல்லவர்கள். ஒரு நாள் அவர்களில் ஒருத்தி எழுந்து நின்று கேட்டாளாம்:

“மிஸ், கடல் எந்தப் பக்கமா ஓடுது?”

மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று என் மனைவி எதிர்பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை, பதிலுக்காகப் பேனாவைத் தயாராக வைத்திருந்தார்கள். பதினொரு பேரில் ஒருத்தியேனும் கடலைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பரீட்சைக்கு முன் அவர்களைக் கொழும்புக்கு அழைத்துச் சென்று கடலைக் காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தாள். அதிபர் நல்லவர், ஆயினும் பயந்தவர். பதினொரு பெற்றோரும் கையொப்பமிட்டால் மட்டுமே அனுமதி என்றார். கடிதங்கள் போயின. பத்து கையொப்பமின்றித் திரும்பி வந்தன. பதினோராவது திரும்பி வரவேயில்லை. பெற்றோர் பலருக்கு வழிகாட்டியாக இருந்தவர், கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி. அவருடைய மகளும் அந்த வகுப்பில் படித்தாள். கடையிலே வைத்து அவர் என்னிடம் நேராகவே சொன்னார்:

“டீச்சர்ல எனக்கு ஒரு குறையும் இல்ல சேர். காலம் சரியில்ல. வயசு வந்த புள்ளைகள். கடலுக்கு என்னா அவசரம்? அது எங்கேயும் போகாது.”

இதை வீட்டில் வந்து சொன்னேன். அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே, “கடல் போகாது. புள்ளைங்க போயிடுவாங்க. கல்யாணம் கட்டி எங்கயாவது ஒரு மலையில போய் உக்காந்துடுவாங்க,” என்றாள். பிறகு, “பாடசாலைக் கண்காட்சி வருதுல்ல? பெத்தவங்க எல்லாரும் வருவாங்க. ஒரு கடற்கரை டவுன் செய்யப் போறோம். அதுல உங்க ட்ராம் ஓடணும்,” என்றாள்.

லண்டனிலிருந்த என் தமையன் அப்போது எனக்குப் பழைய தபாலட்டைகள் அனுப்பிக்கொண்டிருந்தார். கடலோரத்து ட்ராம்களின் படங்கள் அச்சிட்டவை. அவற்றை எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை அந்த வகுப்புக்குச் சென்று நாற்பது நிமிடங்கள் பேசினேன். வேல்ஸ் நாட்டின் ஒரு வளைகுடாக் கரையில், குதிரை இழுத்த பெட்டியில், தண்டவாளத்தின்மீது மனிதர் முதன்முதலாகக் கட்டணம் கொடுத்துப் பயணம் செய்ததைச் சொன்னேன். குதிரைக்குப் பின் நீராவியும், நீராவிக்குப் பின் மின்சாரக் கம்பியும் வந்ததைச் சொன்னேன். பெல்ஜியத்தில் கரையோரம் நெடுகிலும் ஒரே பாதையாக ட்ராம் ஓடுவதையும், இங்கிலாந்தின் மேற்குக் கரையில் ஒரே ஓர் ஊர் மட்டும் அதைப் பிடிவாதமாக வைத்திருந்ததையும் சொன்னேன். சென்னையில் அது திடீரென்று நின்றது; கொழும்பில் பஸ் வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. மாணவனாக இருந்தபோது, கோட்டையிலிருந்து பொரளைக்கு அதன் திறந்த பக்கத்தில் அமர்ந்து போயிருக்கிறேன். துறைமுகத்தின் உப்புக் காற்று மருதானைவரை எங்களுடன் வரும். இதையும் சொன்னேன்.

“மாத்தளைக்கு ஏன் சேர் ட்ராம் போடல?” என்று இரும்புக்கடைக்காரரின் மகள் கேட்டாள்.

“சரிவு, பிள்ளை. இரும்புத் தண்டவாளத்திலை இரும்புச் சக்கரம் மலை ஏற விரும்பாது. ட்ராமுக்கு மட்டமான தரை வேணும். கடலோரப் பட்டினங்கள் அநேகமா மட்டம்.”

“அப்ப ட்ராமும் எங்களப் பாக்க வராது, கடலும் வராது,” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. வகுப்பு சிரித்தது. என் மனைவி சிரிக்காமல் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள்.

வேலையைப் பங்கிட்டோம். ஊரையும் கடலையும் மாணவிகள் செய்வது. ட்ராம் பாதையை நான் செய்வது. தேயிலைப் பெட்டியின் தகரத்தில் வண்டியும், நூற்கட்டைகளில் சக்கரங்களும் ஆயின. ஜன்னல் திரை தொங்கவிடும் அலுமினியக் கம்பிகள் தண்டவாளம் ஆயின. அவற்றை இரும்புக்கடைக்காரர் இலவசமாகவே தந்தார். “கடல் வேணாம்னு தான் சொன்னேன். கம்பி வேணாம்னு சொல்லல்லியே,” என்றார்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். அந்நாள்களில் நான் வில்கமுவப் பக்கத்தில் வயல் வாய்க்கால்களின் வேலையைப் பார்த்துவந்தேன். வாய்க்காலுக்கு நாங்கள் கொடுக்கும் சரிவு மிகச் சிறியது. ஒரு மைல் நடந்தாலும் காலுக்குத் தெரியாது. உள்ளபடி வரைந்தால் தாளில் அது நேர்கோடாகவே தோன்றும். ஆகவே எங்கள் வரைபடங்களில் நீளத்தை மிகவும் சுருக்குவோம். உயரத்தை அவ்வளவு சுருக்குவதில்லை. தாளில் சரிவு பெரிதாகத் தெரியும்; அது பொய்யென்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், சாப்பாட்டு மேசையில், ட்ராம் பாதைக்கு அவ்வாறான ஒரு வரைபடம் வரைந்தேன். பட்டினத்தின் மணிக்கூண்டில் தொடங்கிக் கடலில் முடிகிற பாதை. தண்ணீர் போகும் திசையில் ஒரு கோடு வரைந்தால் என் கை தானாகவே அதற்குச் சரிவு கொடுத்துவிடும். முப்பது ஆண்டுப் பழக்கம். கொடுத்தது. பிறகு அந்த வரைபடத்திலிருந்தே அளவெடுத்து, பாதையைத் தாங்கும் மரக்குற்றிகளை வெட்டினேன். மட்டமான பட்டினத்தின் ட்ராம் பாதைக்கு வாய்க்காலின் சரிவை, அதுவும் பெருக்கிய பொய்ச் சரிவை, கொடுத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. ஒத்திகைகளிலும் வெளிப்படவில்லை. வண்டியைக் கடற்பக்கம் வைத்து, ஒரு நூலால் மணிக்கூண்டுவரை இழுப்பார்கள். பிறகு கையால் தூக்கிக் கொண்டுவந்து மறுபடியும் கடற்பக்கம் வைப்பார்கள். இறங்கும் பயணத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

கண்காட்சி நாளன்று அந்த வகுப்பறைக்குள் நுழைந்தபோதுதான் அவர்கள் செய்திருந்த கடலை முதன்முதலாகப் பார்த்தேன். பெரிய தகரத் தட்டில் சலவை நீலம் கரைத்த தண்ணீர். அதைச் சுற்றிலும் களிமண்ணால் அழகான கட்டு, கட்டின்மேல் புல், ஒரு மூலையில் மதகு, குளிப்பதற்குப் படிக்கட்டு. கட்டின்மேல் ஒரு வெள்ளைக் கொக்கு. வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெற்றோர் வந்தார்கள். அதிபர் வெள்ளை உடுப்பில் முன்னே நின்றார். ஒரு மாணவி விளக்கம் சொல்ல, வண்டி கடற்கரையிலிருந்து மணிக்கூண்டுவரை கௌரவமாக ஏறிவந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அதிபர் மகிழ்ச்சி மிகுதியில், “எங்க, திருப்பி அனுப்புங்க பாப்பம்!” என்றார்.

மாணவி நூலை விட்டாள்.

ட்ராம் சற்று யோசித்தது போல நின்றது. பிறகு நகர்ந்தது. தபாற்கந்தோரைத் தாண்டும்போது மிதமான வேகம். மீன் சந்தையருகே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கை நீட்டினேன், எட்டவில்லை. தீப்பெட்டியால் செய்த பயணிகள் இருவர் வழியில் விழுந்தார்கள். வண்டி களிமண் கட்டின்மேல் ஏறி, கொக்கையும் இழுத்துக்கொண்டு கடலில் குதித்தது. நீலத் தண்ணீர் அதிபரின் வெள்ளைக் காற்சட்டையில் முழங்கால்வரை தெறித்தது.

பிறகு இரும்புக்கடைக்காரரின் குரல்:

“அதுக்கென்னா சேர், நீங்க தண்ணி எஞ்சினியர் தானே! தண்ணிக்கே அனுப்பீட்டீங்க!”

அறை முழுவதும் சிரித்தது. அதிபரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வர நேரமெடுத்தது. இரும்புக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே தட்டின் அருகே குனிந்து, மகளைக் கூப்பிட்டார்.

“மகள், இது என்னா கடலா? நம்மட நாலந்தாக் குளமாட்டம் ஈக்குது. கடலுக்கு ஆராவது கட்டுக் கட்டுவாங்களா?”

அந்தப் பெண் அவரை வியப்போடு பார்த்தாள். “கட்டு இல்லாட்டி தண்ணி நிக்காதே, வாப்பா.”

அவர் சிரிப்பதை நிறுத்தினார். சுற்றி நின்ற மற்ற மாணவிகளின் முகங்களைப் பார்த்தார். அந்தப் பதிலில் பிழை இருப்பதாக அவற்றில் ஒன்றுகூடக் காட்டவில்லை. மாதந்தோறும் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகிறவர் அவர். துறைமுகத்தைத் தன் கடைவாசலைப் போல அறிந்தவர். களிமண் கட்டின்மேல் ஒரு விரலை ஓட்டினார்.

“டீச்சர், அந்தக் கடிதம் எங்க?”

“உங்ககிட்டதானே இருக்கு. நீங்க ஒருத்தர்தான் திருப்பி அனுப்பல,” என்றாள் என் மனைவி.

அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த கடிதத்தை எடுத்தார். அது அத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறது. மணிக்கூண்டின் அருகில் வைத்துக் கையொப்பமிட்டார். “ஆனா நானும் வருவேன். சாப்பாடு என்ட பொறுப்பு,” என்றார். மற்றப் பத்துப் பேரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

மூன்று கிழமைக்குப் பின் அதிகாலை ரயிலில் புறப்பட்டோம்: பதினொரு மாணவிகள், நாங்கள் இருவர், ஒரு பெரிய சோற்றுப் பொதி மூட்டையுடன் இரும்புக்கடைக்காரர். வழியில் இரண்டு இடங்களில் அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். அதிபரின் கடிதம் போதுமானதாக இருந்தது. கோட்டையில் இறங்கியதும், பழைய ட்ராம் தொடங்கிய இடத்தை மாணவிகளுக்குக் காட்டினேன். தார் வீதியும் பஸ்களுமே இருந்தன.

“ஒண்ணுமே இல்லையே சேர்.”

“இருந்தது, பிள்ளை.”

“இருந்திச்சுன்னு நம்புறோம் சேர். ஆனா நீங்க போட்டிருந்தா கடலுக்குள்ளதான் தேடணும்.”

இந்தப் பேச்சுக்கு நான் தகுதியானவனே. கரையோர ரயிலில் ஏறினோம். கொம்பனித்தெருவைத் தாண்டியதும் கட்டடங்கள் விலகின. வலப்பக்க ஜன்னல்கள் முழுவதும் ஒரே நேரத்தில் கடலாயின. பதினொரு பேரும் எழுந்து அந்தப் பக்கம் வந்தார்கள். கொள்ளுப்பிட்டியில் இறங்கிக் கரைக்குப் போனபோது, இரும்புக்கடைக்காரரின் மகள் இடப்பக்கமும் வலப்பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கட்டே இல்ல, வாப்பா.”

“இல்ல மகள். இதுக்குக் கட்டு அல்லாஹ்ட கையில.”

அதற்குள் மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். என் மனைவியும் சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு அலையில் நின்றாள். என் சொந்த ஊருக்கும் ஒரு கடல் உண்டு. அக்காலத்தில் அங்கே போவதற்கு வழியில்லை. அன்று அதைப் பற்றி நான் அதிகம் நினைக்கவில்லை. சோற்றுப் பொதியைப் பிரித்து மணலில் இருந்து சாப்பிட்டோம். கோழிக்கறி நன்றாக இருந்தது.

திரும்பும் ரயிலில் மாணவிகள் உறங்கிவிட்டார்கள். நான் என் மனைவியிடம் சொன்னேன்:

“நல்லகாலம், என்ரை பிழையாலை ஒரு காரியம் நடந்தது.”

“எனக்கு முதல் நாளே தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“பாதையைப் பொருத்தின அன்னிக்கு, தண்டவாளத்துக்கு நடுவுல பென்சிலை வச்சேன். கடல் பக்கமா உருண்டு போச்சு.”

“இஞ்சை பாரும், ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா உடனே மட்டமாக்கிடுவீங்க. மட்டமா ஓடுற ட்ராமைப் பாத்துட்டு எல்லாரும் கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. யாரும் கடல் கிட்ட குனிஞ்சு பாத்திருக்க மாட்டாங்க.”

“அப்ப அந்தக் கட்டு? அதையும் தெரிஞ்சுதான் விட்டனீரோ?”

“அது அவங்க செஞ்ச கடல். நான் எதுக்குத் திருத்தணும்?” என்று சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்து தானும் உறங்கிவிட்டாள். கடிகமுவைக்கு அப்பால் மலையைக் குடைந்த குகைக்குள் ரயில் புகுந்தபோதும் அவள் விழிக்கவில்லை.

மறுநாள் என் கையெழுத்துப் பிரதியை எடுத்து, என் கண்முன்னாலேயே, மூன்றாம் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு சொற்கள் எழுதினாள்: ‘மாத்தளை நீங்கலாக.’ அப்போது நான் சற்றுக் கோபித்தேன். ஆராய்ச்சி நூல் விளையாட்டல்ல என்றேன். பென்சில் எழுத்து இப்போது மங்கி வருகிறது. சென்ற வாரம் அதன்மேல் மையால் எழுதினேன். நூல் அச்சுக்குப் போகுமானால் அந்த வாக்கியம் அந்த இரண்டு சொற்களோடுதான் போகும்.