வந்ததற்கு ஐந்து மதிப்பெண்

தொண்ணூறுகளின் கடைசியில், கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குச் சாயங்காலங்களில் போய்வந்தேன். இன்டர்நெட்டில் அவர்கள் ஒரு வினாடி வினா நடத்தினார்கள். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. கேள்வியும் மதிப்பெண்ணும் என் பொறுப்பு.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அமெரிக்காவில் இருந்த மகள் ஞாயிறுதோறும் போன் செய்வாள். ஆறு நிமிடம்; சில வாரம் நான்குதான். வினாடி வினா இருக்கும் முகவரியை அவளிடம் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருந்தேன். ஒரே ஒரு தடவை அவள் விடையளித்துவிட்டால் போதும் என்றிருந்தது.

சரியான விடைக்கு ஒன்று, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு, தொடாமல் விட்டால் ஒன்றுமில்லை என்று வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறவனுக்கு ஐந்து சரியாகும், பதினைந்து தவறாகும். கழிவு ஐந்து. மிச்சம் பூஜ்யம். அதுதானே நியாயம்?

சென்டர் நடத்திய அன்னூர்க்காரருக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க சார், பாதிப் பேருக்கு முட்டைங்க. கொஞ்சம் பேருக்கு முட்டைக்கும் கீழங்க. மறுக்கா ஆரு வருவாங்க?”

“தெரியாம தொட்டா அப்படித்தானுங்க.”

“ஊட்டுக்கு வந்தவங்கள ஒரு வாய் காப்பி குடுக்காம அனுப்புவீங்களா? வந்ததுக்கு ஒரு அஞ்சு மார்க் போட்டுருங்க.”

“சந்தனத் தட்டும் நீட்டிரலாமுங்களா?”

“நெட்டுல அதுக்கு வழியிருந்தாச் சொல்லுங்க, நீட்டிப்போடலாம்!”

அவரே ஐந்தைப் போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் பட்டியலில் மகளின் பெயர் இருந்தது. மதிப்பெண் ஐந்து. குத்துமதிப்பாகத் தொட்டு, ஐந்து சரி, பதினைந்து தவறு என்றாலும் ஐந்துதான் வரும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் விடைகளைத் திறந்து பார்த்தேன். இருபதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கடைசியில் ‘முடிந்தது’ என்பதை மட்டும் அழுத்தியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே பேச்சை எடுத்தாள்.

“பாத்தனுங்கப்பா. நல்லா இருந்துச்சுங்க.”

“கஷ்டமா இருந்துச்சா, கண்ணு?”

“கொஞ்சம் கஷ்டந்தானுங்கப்பா.”

“அடுத்தது லேசாப் போடறேன், அம்மணி.”

அன்று பேச்சு மூன்று நிமிடத்தில் முடிந்தது. அடுத்த தொகுப்புக்கு முதல் கேள்வியாக, கொடுமுடிக் கோயில் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது என்று போட்டேன். அவள் அம்மா பிறந்த ஊர் அது. தவறாகத் தொட்டாலும் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் கழிவு வேண்டாம் என்று அன்னூர்க்காரரிடம் சொன்னேன்.